தண்டையார்பேட்டையில் வண்டியைக் கிளப்பி ஜவ்வாது மலை வரை: உள்சாலைப் பயணத்துக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

பைக்கில் தூரமாக எங்கேயாவது போய்வர வேண்டும் என்று தோன்றியதும் சென்னைக்காரர்கள் பாதிப் பேர் வண்டியைத் திருப்புவது ஈசிஆர் பக்கம்தான். அடையாறில் குடியிருப்பவருக்கு அது சரி. ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ இருப்பவர் திருவான்மியூரைத் தொடுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் சிக்னலிலேயே கழிந்துவிடும். வடசென்னைக்காரர்களான நமக்குத் திறந்திருக்கும் வாசல் வேறு: வடக்கும் வடமேற்கும். செங்குன்றம் தாண்டினால் ஏரி, ஆறு, மாந்தோப்பு, ஆந்திர எல்லைக் குன்றுகள். அந்தப் பக்கம் வார இறுதிக் கூட்டமும் குறைவு. இந்தக் கட்டுரை அந்தத் திசையை வைத்துத்தான்.

பாதையைத் தேர்ந்தெடுப்பதில் இருந்து தொடங்குவோம். கூகுள் மேப்பில் ஊர் பெயரைப் போட்டு அது காட்டும் நீலக்கோட்டைப் பிடித்தால், அது உங்களை நான்குவழிச் சாலையில்தான் கொண்டுபோய் விடும். அதற்கு நேரம் மட்டும்தான் தெரியும். நெடுஞ்சாலையைத் தவிர்க்கச் சொல்லும் வசதி அதிலேயே இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அதோடு நிற்காமல், நடுவில் நீங்கள் பார்க்க நினைக்கும் சிற்றூர்களை ஒவ்வொன்றாக நிறுத்தமாகச் சேருங்கள். பாதை தானாக வளைந்து கொடுக்கும். பிறகு அந்தப் பகுதி வரைபடத்தை போனில் இறக்கி வையுங்கள். மலைமேல் சிக்னல் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

சாலையில் இறங்கிய பிறகு மைல்கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. புதியவர்களுக்கு நான் சொல்வது பச்சைக் கல். தார் ஓரளவு நன்றாக இருக்கும், பஸ் ஓடும், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் கடையாவது தென்படும். ஆரஞ்சுக் கல் சாலைகள் அழகுதான். ஆனால் முதல் பயணத்தில் அங்கே போய் மாட்டிக்கொண்டால், டிராக்டர்காரர் வரும் வரை புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், மணியில் போடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணிக்கு 60 ஓடும் அதே ஆள், உள்சாலையில் டீ, போட்டோ, மாடு, வேகத்தடை எல்லாம் சேர்த்து 30 முதல் 35 கிலோமீட்டர்தான் கடப்பார். நகரத்தைத் தாண்டும் முதல் மணியில் 20தான். ஆகவே 190 கிலோமீட்டர் என்றால் ஆறேழு மணி நேரம். புதியவர் உட்கார்ந்து ஓட்டக்கூடியது ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் போட்டால் கடைசி 50 கிலோமீட்டரில் மணிக்கட்டு, முதுகு, கவனம் மூன்றும் ஒன்றாகக் கைவிடும். அந்த 50 கிலோமீட்டர் மலைப்பாதையாக அமைந்துவிட்டால் அது ஆபத்து.

எப்போது போவது? நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை குறையத் தொடங்கி ஏரிகள் நிறைந்திருக்கும், மலை பச்சையாக இருக்கும். டிசம்பரில் புயல் செய்தி வந்தால் பேசாமல் தள்ளிப்போடுங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவுதானே என்று இறங்கவே கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் ராணிப்பேட்டை, வேலூர்ப் பக்க வெயில் வேறு ரகம், அதை வீட்டிலிருந்தே நினைத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள்காட்டியும் இருக்கிறது, அது கோயில் நாள்காட்டி. ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் சாலையில் வேப்பிலை ஆடையும் பொங்கல் பானையுமாக ஊரே இருக்கும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடிகள். பௌர்ணமி அன்று போளூர், திருவண்ணாமலை பக்கச் சாலைகள் முழுக்கக் கிரிவலக் கூட்டம். சாமி கும்பிடப் போகிறவர் அந்த நாளில் போகட்டும், சாலைக்காகப் போகிறவர் வேறு நாள் பார்க்கட்டும். போகி விடியற்காலையும் வேண்டாம். நம் தெருக்களில் எரியும் டயர்ப் புகையும் பனியும் சேர்ந்து பத்தடி முன்னால் நிற்பது லாரியா சுவரா என்று தெரியாது.

வண்டி விஷயத்துக்கு வருவோம். பெரிய வண்டி வேண்டும் என்பது விளம்பரம் கட்டிவிட்ட கதை. நல்ல நிலையில் இருக்கும் 100, 125 சிசி வண்டியே உள்சாலைக்குப் போதும். எடை குறைவு, மைலேஜ் அதிகம், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கைப்பழக்கம், உதிரிபாகமும் கிடைக்கும். நம் ஏரியா வண்டிகளுக்கு மட்டும் இரண்டு தனி வியாதிகள் உண்டு. ஒன்று கடல் காற்று. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வாசலில் நிற்கும் வண்டியின் ஸ்போக்கு, செயின், சைலன்சர் கிளாம்ப் போல்ட்டு எல்லாம் உப்பில் அரித்துப்போயிருக்கும். நகரத்துக்குள் ஓட்டும்போது தெரியாது, 200 கிலோமீட்டர் குலுங்கியதும் போல்ட்டு கழன்று சைலன்சர் தொங்கும். இரண்டாவது, ஏர் ஃபில்டர். எண்ணூர், மணலி, அத்திப்பட்டு பக்கம் தினமும் ஓடும் வண்டியின் ஃபில்டரைக் கழற்றித் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி கொட்டும். மலை ஏறும்போது வண்டி மூச்சு வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். சர்வீஸ் புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் சரி, பயணத்துக்கு முன் புதிது போட்டுவிடுங்கள்.

சர்வீஸைக் கிளம்பும் முந்தின நாள் செய்யாதீர்கள். ஒரு வாரம் முன்னால் முடித்து, அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போய்வர ஓட்டுங்கள். மெக்கானிக் அண்ணன் எதையாவது சரியாக முறுக்காமல் விட்டிருந்தால் அது மூலக்கடை சிக்னலில் தெரியட்டும், மலை வளைவில் தெரிய வேண்டாம். இன்ஜின் ஆயில், இரண்டு பிரேக், கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், ஹெட்லைட் எல்லாம் அவர் பார்ப்பார். செயினை நீங்களே பாருங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சரியான அளவு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். பின்சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் இறுக்கமாகவும் இன்னொரு இடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் செயின் முடிந்தது, அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து மாற்றுங்கள்.

டயரில் டியூப் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமலேயே வண்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஸ்போக் சக்கரம் என்றால் அநேகமாக டியூப் உள்ளே இருக்கும். அதற்குக் கடையில் விற்கும் டியூப்லெஸ் பஞ்சர் கிட் பயன்படாது. முன்னும் பின்னும் ஒவ்வொரு டியூப் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிராமத்துப் பஞ்சர் கடையில் ஆள் இருப்பார், உங்கள் அளவு டியூப் இருக்காது. அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயருமாக இருந்தால் கிட்டும் சின்ன காற்றடிக்கும் பம்ப்பும் போதும். இவற்றோடு ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஆக்சிலேட்டர் கேபிள், பிளக், இரண்டு ஃபியூஸ், இன்சுலேஷன் டேப்பு, கொஞ்சம் கட்டுக்கம்பி. எல்லாம் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளிலேயே முடிந்துவிடும்.

காகிதங்கள்: லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும், போன் சார்ஜ் தீராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்சூரன்ஸில் மட்டும் ஒரு விஷயம். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுத்திருப்பார்கள். உங்கள் வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்திருக்கும். ஐந்து வருடம் இருக்கிறதே என்ற நினைப்பில் அதைப் புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம். கிளம்பும் முன் எடுத்துப் பாருங்கள்.

ஹெல்மெட் முகம் முழுக்க மூடுவதாக, ஐஎஸ்ஐ முத்திரையோடு, பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து இருக்கட்டும். கையுறை, கணுக்கால் மூடிய ஷூ, மேலும் கீழும் தனித்தனியாகப் போடும் ரெயின்கோட். துணியைக் குறைத்து, தண்ணீரையும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டையும் கூட்டுங்கள். பையை சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் கட்டுங்கள். இருபுறமும் தொங்கும் பை என்றால் வலது பக்கம் சைலன்சரில் உரசாமல் தூக்கிக் கட்ட வேண்டும்.

இத்தனையும் செய்தபிறகு நேராக மூன்று நாள் பயணத்துக்குப் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பழவேற்காட்டுக்கு ஒரு வெள்ளோட்டம் விடுங்கள். கட்ட வேண்டிய பையையெல்லாம் கட்டிக்கொண்டே போங்கள், அதுதான் விஷயம். திருவொற்றியூரிலிருந்து டிபிபி (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி) சாலையில் மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி, அங்கிருந்து வலப்பக்கம் பழவேற்காடு. போக 50 கிலோமீட்டர் சுமார். டிபிபி சாலையில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் நிறுத்தியிருப்பார்கள். நிற்கும் லாரியின் முகப்புக்கு முன்னாலிருந்து டிரைவரோ கிளீனரோ சட்டென்று இறங்கி வருவார், பார்த்துப் போங்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கும். குளிர்காலமாக இருந்தால் ஏரியில் பூநாரைகளைத் தூரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பார்க்கலாம். வீடு திரும்பியதும் எந்தக் கட்டு தளர்ந்தது, எந்தப் பை இடித்தது, முதுகு எங்கே வலித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பெரிய பயணம். மூன்று நாள், போகும்போது உள்சாலை, திரும்பும்போது நெடுஞ்சாலை.

முதல் நாள் காலை ஐந்து மணிக்கு முன்னால் வண்டி கிளம்பியாக வேண்டும். மாதவரம், செங்குன்றம் வழியில் லாரி நெருக்கடி தொடங்குவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்பதால்தான். செங்குன்றம், காரனோடை தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் இடது பக்கம் திரும்பினால் பெரியபாளையம், அப்புறம் ஊத்துக்கோட்டை. அங்கே டீயும் பெட்ரோலும். டாங்கை நிரப்பிக்கொண்டே எல்லை தாண்டுங்கள், ஆந்திராவில் பெட்ரோல் விலை நம்மூரைவிடக் கூடுதல். கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழைவதும் இந்த ஊர் அருகேதான். எல்லை தாண்டியதுமே சுருட்டப்பள்ளி. சிவன் இங்கே அம்மன் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். பள்ளிகொண்டீஸ்வரர் என்று பெயர். அங்கிருந்து நாகலாபுரம் போகும்போது இடமும் வலமும் குன்றுகள் நெருங்கி வரத் தொடங்கும். வேகத்தைக் குறைத்து அனுபவிக்க வேண்டிய துண்டு இதுதான். நாகலாபுரத்தில் மச்ச அவதாரத்துக்கு ஒரு கோயில் இருக்கிறது, கிருஷ்ணதேவராயர் காலத்து வேலை.

பலகைகள் தெலுங்கில் இருக்கும், பயப்பட வேண்டாம். இந்த எல்லைப் பகுதியில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. வழி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. 'அண்ணே, ஜவ்வாது மலைக்கு எப்படிப் போகணும்?' என்று நாகலாபுரத்தில் கேட்டால் அவர் விழிப்பார், அல்லது சும்மா கையைக் காட்டுவார். அடுத்த ஊர் எதுவோ அதை மட்டும் கேளுங்கள். பஸ் டிரைவரிடமோ டீக்கடையிலோ கேட்பது நல்லது.

நாகலாபுரத்திலிருந்து புத்தூர். வடசென்னையில் எலும்பு முறிவுக்குப் 'புத்தூர் கட்டு' என்று பலகை மாட்டியிருப்பார்களே, அந்தப் புத்தூர் இதுதான். பார்த்துவிட்டு நகருங்கள், கட்டுப் போட வேண்டிய நிலையில் அங்கே போய்ச் சேராதீர்கள். நகரி வழியாகத் திருத்தணி, அங்கிருந்து சோளிங்கர். மதிய வெயிலுக்கு முன் திருத்தணியைத் தொட்டால் கணக்கு சரியாகப் போகிறது என்று அர்த்தம். சோளிங்கரில் நரசிம்மர் மலைக்கு இப்போது ரோப் கார் இருக்கிறது, ஏறி இறங்கி காலைக் களைப்பாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. மாலைக்குள் வாலாஜா, ராணிப்பேட்டை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து ஆற்காட்டில் தங்கல். சுமார் 190 கிலோமீட்டர். ராத்திரி அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா ஒன்று சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், அந்த ஊரில் அதைச் சாப்பிடாமல் வருவது முறையல்ல.

இரண்டாம் நாள் வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறேன், நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆற்காட்டிலிருந்து ஆரணி, போளூர், ஜவ்வாது மலை மேலிருக்கும் ஜமுனாமரத்தூர். மேப்பில் ஆரணி என்று போடும்போது கவனம். திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையம் அருகே ஒரு ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டுச்சேலை ஆரணி, ஆரணி ஆறு வேறு. பட்டுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். வழியில் பிரியாணிக் கடைகள் கண்ணைச் சிமிட்டும். அரை பிளேட்டோடு நிறுத்திக்கொண்டு மலையேறுங்கள், முழு பிளேட்டுக்கு ராத்திரி இருக்கிறது. போளூரில் மறுபடி டாங்கை நிரப்பி, ஏடிஎம்மில் பணமும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் போனால் ஜிபே போகும், ஜிபே போனால் டீயும் போகும்.

மலைச்சாலையில் புதியவர்கள் மறக்கக் கூடாதது இரண்டு. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், நியூட்ரலில் இறக்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களோடு சேராதீர்கள். ஜமுனாமரத்தூரில் தங்கும் இடங்கள் குறைவு. கிளம்புவதற்கு முன்பே பேசி உறுதி செய்யுங்கள், கிடைக்காவிட்டால் போளூரில் தங்கிக் காலையில் ஏறி வரலாம். பீமன் அருவி ஊருக்குப் பக்கத்திலேயே. சாமையும் தேனும் மலைவாசிகளிடம் வாங்கலாம். இருட்டிய பிறகு வண்டியை எடுக்க வேண்டாம். வெளியே வந்து தலையை நிமிர்த்துங்கள், நம் தெருவிளக்குகளுக்குள் தெரியாத அத்தனை நட்சத்திரமும் அங்கே இருக்கும். இருட்டு இவ்வளவு சுத்தமாக இருப்பதால்தான் இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை வைத்திருக்கிறார்கள். 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. பார்வையாளர்களை எல்லா நாளும் விடுவதில்லை, விசாரித்துக்கொண்டு போங்கள்.

மூன்றாம் நாள் காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடி இறங்கி நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். உள்சாலையில்தான் திரும்புவேன் என்று வீம்பு வேண்டாம், உடம்பு அலுத்திருக்கும். சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது, ஓரப்பாதையில் போய்விடலாம். 45 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி இறங்குங்கள், தூக்கம் கண்ணைச் சுழற்றினால் டீ குடித்துச் சமாளிக்காமல் இருபது நிமிடம் படுத்துவிடுங்கள். பூந்தமல்லி வந்ததும் கோயம்பேடு வழியாக நகரத்துக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையில் வடக்கே திரும்பினால், செங்குன்றம் பக்கமோ மீஞ்சூர் பக்கமோ வந்து வீடு சேரலாம்.

ஓட்டும் முறையில் நகரத்துப் பழக்கங்கள் சில உள்சாலைக்கு ஒத்துவராது. தை, மாசியில் அறுவடை முடிந்ததும் சாலையையே களமாக்கிவிடுவார்கள். கொள்ளு, கேழ்வரகு, எள்ளு எல்லாம் தாரின் மேல் காயும், ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருப்பார்கள். வண்டி ஏறினால் தானியம் சக்கரத்தின் கீழ் கோலிக்குண்டு போல உருண்டு வழுக்கும், அதோடு அது ஒருவரின் வருட உழைப்பு. வேகத்தைக் குறைத்து, பிரேக் போடாமல், நேராக ஓரம் கட்டிக் கடந்துவிடுங்கள். கல் மட்டும் கிடந்து தானியம் அள்ளிவிட்ட இடம் இன்னும் மோசம், அந்தக் கல்லை அகற்ற யாருக்கும் நினைவு வராது. ஆடு ஒன்று சாலையைக் கடந்தால் அதற்குப் பின்னால் மீதி ஆடுகளும் வரும் என்று நின்றுவிடுங்கள். நாய் துரத்தினால் உதைக்காதீர்கள், வேகத்தைக் குறைத்தால் அதற்கு ஆர்வம் போய்விடும். ஊர் எல்லைப் பலகை தெரிந்தாலே ஆக்சிலேட்டரை விடுங்கள். வெள்ளைக் கோடு அடிக்காத வேகத்தடை பள்ளிக்கூடத்துக்கு முன்னும் கோயிலுக்கு முன்னும் கண்டிப்பாக இருக்கும். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்விளக்கு இருக்காது, ஆறு மணிக்கு மேல் உள்சாலையில் ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான்.

நண்பர்களோடு போவதென்றால் மூன்று வண்டி போதும். பத்து வண்டி போனால் பயணம் ஊர்வலமாகிவிடும், ஒருவர் பஞ்சருக்கு ஒன்பது பேர் வெயிலில் நிற்க வேண்டும். அனுபவசாலி ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில், புதியவர் நடுவில். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் வருகிறவர் கண்ணில் படும் வரை நின்று, கையைக் காட்டிவிட்டு அப்புறம்தான் நகர வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் 'மச்சான் எங்கடா இருக்கே' என்ற போனே வேண்டியிருக்காது. தனியாகப் போனால் தங்கும் ஊர், கிளம்பும் நேரம் இரண்டையும் வீட்டில் ஒருவருக்குத் தினமும் சொல்லிவிடுங்கள். ஆபத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, இரண்டு மாநிலத்திலும் அதே எண்கள்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாளே வண்டியைக் கழுவி, செயினைத் துடைத்து, எண்ணெய் போட்டுவிடுங்கள். மலைப் புழுதியின் மேல் நம் கடல் உப்பும் ஒரு வாரம் படிந்துவிட்டால் அப்புறம் துடைப்பது வீண் வேலை. ஸ்பேனரை எடுத்து சைலன்சர், நம்பர் பிளேட், ஃபுட்ரெஸ்ட் போல்ட்டுகளை ஒரு சுற்று முறுக்கிப் பாருங்கள், இரண்டு மூன்றாவது தளர்ந்திருக்கும்.